மண்ணுக்குள் கிடக்கும் பொன்னும் எட்டாம் கற்பனையும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, நம் ஊர்க் குடும்பத் தலைவர் ஒருவர் கோயில் முற்றத்தில் காத்து நின்றார். பாவசங்கீர்த்தனம் செய்வதற்கல்ல, ஒரு சந்தேகம் கேட்பதற்கு. அவருடைய சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார். நானும் அதுவே நல்லது என்றேன்.

“சாமி, பொன் தோண்டுற ஒரு சின்னக் கம்பெனியில பங்கு வாங்கியிருக்கேன். இன்னும் பொன் எடுக்கத் தொடங்கல்ல. ஆனா இதோ தொடங்கப் போறாங்க; இயந்திரமெல்லாம் வந்து இறங்கியாச்சு. இது சூதாட்டமா? பாவமா?”

“எந்தப் பணத்தில் வாங்கியது?” என்று கேட்டேன்.

வளைகுடா நாட்டில் பல வருஷம் பாடுபட்டு மிச்சம் பிடித்தது கொஞ்சம். மீதிக்கு, மனைவியின் நகையை நாகர்கோவிலில் அடகு வைத்திருக்கிறார். கழுத்தில் கிடந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்து, பூமிக்குள் கிடப்பதாகச் சொல்லப்படும் பொன்னை வாங்கியிருக்கிறார். இதை நான் சொல்லிக் காட்டியபோது அவரே சிரித்துவிட்டார். பின்பு, “மச்சானுக்கும் சொல்லியிருக்கேன் சாமி. வலை வாங்க வச்சிருந்த பணத்தை அவரும் இதிலேயே போடலாமுன்னு இருக்காரு. நல்லபடியா வந்தா நம்ம கோயில் வேலைக்கும் ஒரு நல்ல தொகை தருவேன்” என்றார்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் மனமும் ஒரு கணம் குளிர்ந்தது. மழைக்கு ஒழுகும் ஓடுகளும், செலுத்த வேண்டிய பாக்கியும் கண்முன் வந்தன. அந்தச் சுரங்கத்தில் ஒரு காசும் போடாத நானே, அது நன்றாக நடக்கவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்கிவிட்டேன். நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எவ்வளவு இலகுவாய்த் தொற்றுகிறது என்பதை அப்பொழுதே உணர்ந்தேன். அதனாலேயே அவருக்கு அங்கே முழுப் பதில் சொல்லாமல், யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பினேன்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை கடினமல்ல. ஒரு கம்பெனியில் பங்கு வாங்குவது தன்னிலே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. கடற்கரையில் பிறந்த நமக்குப் பங்கு என்பதும் புதிதல்ல. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பாடுபடுகிறவனுக்கு ஒரு பங்கு என்று பிரித்தே நம் முன்னோர் பிழைத்தார்கள். பட்டால் எல்லாருக்கும் உண்டு. படாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. இலாபத்திலும் நஷ்டத்திலும் ஒருவரோடொருவர் நிற்கும் ஏற்பாடாதலால், வட்டிக்குக் கொடுப்பதைவிடப் பங்கு சேர்வதை நீதியுள்ளதாகவே பழைய வேதசாஸ்திரிகள் கருதினார்கள். கம்பெனிப் பங்கில் உள்ள வித்தியாசம், படகையும் கடலையும் ஆட்களையும் நாம் பார்ப்பதில்லை என்பதே. பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட சமூக நிருபத்தில் இவ்விடத்தைத்தான் தொட்டுப் பேசுகிறார். கம்பெனி என்ற பொதுப் பெயருக்குப் பின்னால் நடத்துகிறவர்கள் மறைந்துகொண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் சேமிப்புக்குத் துரோகம் செய்யும் அநியாயத்தை அவர் கண்டிக்கிறார், கம்பெனியையே கண்டிக்கவில்லை.

அப்படியானால், பொன் இன்னும் வெளிவராத சுரங்கத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை எப்படிப்பட்டது? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் நம்பிக்கை என்னும் மன உணர்ச்சியை ஆராயும்போது, அது நாடும் பொருள் நன்மையாயிருக்க வேண்டும், இனி வருவதாயிருக்க வேண்டும், அடைவதற்குக் கடினமாயிருக்க வேண்டும், ஆயினும் அடையக் கூடியதாயிருக்க வேண்டும் என்று நான்கு அடையாளம் கூறுகிறார். பொன் சுரங்கத்துக்கு இந்நான்கும் பொருந்துகின்றன. அதே இடத்தில் அவர் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்: வாலிபரிடத்திலும் குடிகாரரிடத்திலும் நம்பிக்கை மிகுந்திருப்பது உண்மையா? உண்மைதான் என்கிறார். வாலிபனுக்குப் பின்னால் கிடக்கும் நாள் கொஞ்சம், முன்னால் கிடப்பது அதிகம். அவன் இன்னும் தடுக்கி விழுந்து பழகவில்லை. குடித்தவனுக்கோ அபாயம் கண்ணில் படுவதில்லை. ஆகவே நம்பிக்கை ஒருவனிடம் நிறைய இருக்கிறது என்பதால் மாத்திரம் அவன் நம்பும் காரியம் உறுதி என்றாகாது. அவன் வாலிபனாயிருக்கலாம், அல்லது அவனைக் கிறங்க வைத்தது எதுவோ இருக்கலாம்.

இதற்குத் தூர தேசத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு நீலகிரியிலே, கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் என்னும் ஊர்கள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த பகுதி அது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் அங்கே பொன் வெறி ஒன்று வந்து போயிற்று. மலைவாசிகள் ஓடை மணலை அரித்துப் பொன் எடுப்பது வெகுகாலமாய் உள்ள வழக்கம். காப்பிச் செடியை நோய் அழிக்கத் தொடங்கிய காலத்தில், வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பாறையிலும் பொன் இருக்கக் கண்டார்கள். அரசாங்கம், ஆஸ்திரேலியாவில் விக்டோரியா நாட்டுச் சுரங்கத் துறைச் செயலாளராயிருந்த பிரோ ஸ்மித் என்பவரை வரவழைத்து ஆராயச் செய்தது. 1880-ஆம் ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை மிக நம்பிக்கையாயிருந்தது. அவ்வளவுதான், லண்டனில் 1879 முதல் 1881 வரையில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் இந்த ஒரு மலைச் சரிவை நம்பித் தோன்றின. அவை அறிவித்த மூலதனம் 40 இலட்சம் பவுனுக்கு மேல். நோயுற்ற காப்பித் தோட்டங்கள் பொன் விலைக்கு விற்கப்பட்டன. சனங்கள் போட்ட பணத்தில் பெரும்பகுதி சுரங்கம் தோண்டுவதற்கல்ல, நிலத்தை வாங்குவதற்கே போயிற்று. இயந்திரங்கள் மலையேறின. பந்தலூரில் தந்தி நிலையமும் ஓட்டலும் வந்தன. பாறையை உண்மையிலேயே இடித்து அரைத்துப் பார்த்தபோது, சோதனையில் சொன்னதில் சிறு பகுதிதான் கிடைத்தது. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. மலை திரும்பக் காடாயிற்று, பிறகு தேயிலையாயிற்று.

இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, பேராசை பெருநஷ்டம்” என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அதே 1880-ஆம் ஆண்டு, அதே லண்டனில், அதேவிதச் சனங்களின் பணத்தைக் கொண்டு கோலாரில் மைசூர் கம்பெனி என்று ஒன்று தொடங்கிற்று. அங்கே சுரங்க உரிமையை முதலில் வாங்கியவர் லவேல் என்னும் ஓய்வுபெற்ற ஐரிஷ் சிப்பாய். இந்தக் கம்பெனியும் ஆரம்பத்தில் வயநாட்டுக் கம்பெனிகளைப் போலவே காசைக் கரைத்தது. பங்கின் விலை விழுந்தது. கலைத்துவிட்டு மிச்சத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்று பங்குதாரர் பலர் சொன்னார்கள். நடத்திவந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார், இருக்கிற சிறு தொகையையும் தோண்டியே பார்ப்போம் என்று வற்புறுத்தினார்கள். சாம்பியன் ரீஃப் என்று பின்னால் பேர்பெற்ற பொன் பாளம் அகப்பட்டது. அதன்பின் கோலார் தங்கவயல் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 வரையில் நூற்றிருபது வருஷம் ஓடிற்று. ஏறக்குறைய 800 டன் பொன் தந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று.

ஆகவே, தேவாலாவில் பணம் போட்டவன் மூடனும் கோலாரில் போட்டவன் ஞானியும் அல்ல. இருவரும் காணாததை நம்பினார்கள். ஒருவன் காலுக்குக் கீழே பாளம் தொடர்ந்தது. மற்றவன் காலுக்குக் கீழே தொடரவில்லை. முடிவைப் பார்த்துப் புண்ணியத்தையும் பாவத்தையும் அளப்பது தவறு. இலாபம் வந்ததால் ஒரு செயல் நல்லதாகிவிடாது. நஷ்டம் வந்ததால் கெட்டதாகியும் விடாது. நம் ஊர்க்காரரின் கேள்விக்கு, கம்பெனியில் பொன் வருமா வராதா என்பதை வைத்து நான் பதில் சொல்ல மாட்டாததற்கு இதுவே காரணம்.

ஆனால் அவர், “இன்னும் கொஞ்ச நாள்தான் சாமி, கரை தெரிஞ்சாச்சு” என்று சொன்ன சொல்லை மாத்திரம் விடமுடியவில்லை. சுரங்கத் தொழிலில் பங்கு விலை எப்படி ஏறி இறங்கும் என்பதை அத்தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். பொன் இருப்பதாகச் செய்தி வரும்போது விலை ஏறும். பிறகு உரிமை, அனுமதி, கட்டுமானம் என்று வருஷங்கள் கழியும்போது சனங்கள் சலித்து விற்பார்கள். ஆலை கட்டி முடிகிற சமயத்தில் மீண்டும் ஆசை கிளம்பும். இந்தக் கடைசி ஆசைக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஏனெனில் பல தடைகள் தாண்டப்பட்டுவிட்டன. ஆயினும் மீதி இருக்கும் ஒரே தடை எல்லாவற்றிலும் பெரியது. துளையிட்டு எடுத்த மாதிரிக் கற்களில் கண்ட பொன், மலையளவு கல்லை அரைக்கும்போதும் கிடைக்குமா என்பதே அது. நாலு தூண்டிலில் மீன் கடித்ததைக் கொண்டு பாரில் எவ்வளவு மீன் கிடக்கிறது என்று கணக்குச் சொல்வதைப் போன்றது துளைக் கணக்கு. பெரும்பாலும் சரியாயிருக்கும், தவறினால் வலையோடு போயிற்று.

கணக்கை ஒருமுறை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கல்லுக்கு இரண்டு கிராம் பொன் என்றால் இக்காலத்தில் எடுக்கத் தகுந்த சுரங்கம் என்பார்கள். நம் பெண்பிள்ளைகள் போடும் ஒரு பவுன் எட்டு கிராம். அப்படியானால் ஒரு பவுனுக்கு நாலு டன் பாறையை வெடி வைத்து உடைத்து, மாவாய் அரைத்து, சயனைடு நீரில் கரைத்துப் பிரிக்க வேண்டும். அதிலும் ஒரு பகுதி கழிவோடு போகும். டன்னுக்கு இரண்டு கிராம் என்று எண்ணினது ஒன்றரை கிராமாய் முடிந்தால், வெடி, டீசல், மின்சாரம், கூலி ஒன்றும் குறையாது. இலாபம் மாத்திரம் காணாமற்போகும். இந்த அரை கிராமில்தான் நம் ஊர்க்காரரின் மனைவியுடைய தாலிச் சங்கிலி தொங்குகிறது.

நாளும் அப்படியே. ஆந்திராவில் கர்நூல் மாவட்டத்து ஜொன்னகிரி என்னும் ஊரில் ஒரு பொன் சுரங்கம். அசோகன் காலத்துச் சுவர்ணகிரி அதுதான் என்று கருதுகிற சரித்திர ஆசிரியர்களும் உண்டு. ஜியோமைசூர் என்னும் தனியார் நிறுவனத்துக்கு 2013-இல் அங்கே சுரங்கக் குத்தகை கிடைத்தது. அதில் பங்கு வைத்திருப்பவற்றுள் ஒன்று பம்பாய்ப் பங்குச் சந்தையில் உள்ள டெக்கான் கோல்டு மைன்ஸ் என்னும் கம்பெனி. அடுத்த ஆண்டு இறுதிக்குள் முழு உற்பத்தி, பின்பு ஆண்டுக்கு 750 கிலோ பொன் என்று 2023 செப்டம்பரில் செய்தித்தாள்கள் எழுதின. 2024-ஆம் ஆண்டு முடிந்தபோது அந்த முழு உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. நிலம், தண்ணீர், சர்க்கார் அனுமதி எல்லாம் கூடிவர வேண்டிய வேலையில் தாமதம் இயல்பு. ஆனால் அடகுக் கடையின் வட்டிக்குத் தாமதம் இயல்பல்ல. அது தவணை நாளில் வந்து நிற்கும்.

கரை தெரிவதும் கரையில் கால் வைப்பதும் ஒன்றல்ல என்பதைக் கடியப்பட்டணத்துக்காரருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. ஆழ்கடலில் பத்து நாள் பிழைத்தவன், முகத்துவாரத்தில் அலை புரட்டி மாண்டதுண்டு. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் அப்படி எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதை நாம் அழுது எண்ணியிருக்கிறோம்.

இவ்வளவும் விவேகத்தைச் சேர்ந்தது. கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்காஸ் சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் சொன்னதும் இதைச் சேர்ந்ததே. போனாலும் குடும்பம் பட்டினி கிடக்காத பணமானால் போடட்டும். மனைவியின் நகையானால் வேண்டாம். அந்நகை அவருடைய சொத்து அல்ல. கேட்காமல் எடுத்தால் அது ஏழாம் கற்பனைக்கு விரோதம். அழவைத்து வாங்கினாலும் ஏறக்குறைய அதுதான். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் சில நாள் யோசித்தபோது எனக்கு ஏழாம் கற்பனையைவிட, பத்தாம் கற்பனையைவிட, எட்டாவதே அதிகமாய் உறுத்திற்று. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கற்பனை சுரங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

அவரை மறுபடியும் அழைத்துப் பேசினேன். அந்தக் கம்பெனியின் பங்குதாரர் பலர் கைபேசியில் ஒரு குழுவாய்ச் சேர்ந்து நாள்தோறும் செய்தி பரிமாறுகிறார்களாம். “அந்தக் குழுவில் யாராவது, டன்னுக்கு எத்தனை கிராம், கடன் எவ்வளவு, சொன்ன நாள் ஏன் தவறிற்று என்று கேட்டதுண்டா?” என்றேன்.

“ஒருத்தன் கேட்டான் சாமி.”

“அவனுக்கு என்ன பதில் சொன்னார்கள்?”

“விலையைக் குறைக்க வந்த ஆள்னு சொல்லி வெளியே தள்ளிட்டாங்க.”

“நீரும் ஏசினீரா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏசியிருக்கிறார்.

இங்கேதான் நல்ல நம்பிக்கை கெட்டதாய் மாறும் இடம். கடலோடி ஒருவன் தான் இன்று மீன் பிடிப்பேன் என்று நம்புகிறான்; காற்று திரும்புகிறது என்று ஒருவன் சொன்னால் நன்றியோடு கேட்டுப் பாயை இறக்குகிறான். அவன் நம்பிக்கைக்கு உண்மை பகையல்ல. ஆனால் கெட்ட செய்தி சொன்னவனைச் சத்துருவாய் எண்ணத் தொடங்கிவிட்டவன் இனிச் சுரங்கத்தை நம்பவில்லை. தன் விருப்பத்தையே நம்புகிறான். அர்ச். தோமாஸ் சொன்ன அந்தக் குடித்தவனின் நம்பிக்கை இதுவே.

அவ்வளவோடு நின்றால் தன் மட்டில் கெடுவான். நிற்பதில்லை, பிறனிடம் போய்ச் சொல்லுகிறான். சிறிய கம்பெனியில் பங்கு வைத்திருப்பவன், “நீயும் வாங்கு” என்று சொல்லும் வார்த்தையில் எப்போதும் அவனுக்கு ஆதாயம் கலந்திருக்கிறது. வாங்குவோர் பெருகினால் அவன் பங்கு விலை ஏறும். அவன் அதை நினைத்துத்தான் சொல்லுகிறான் என்று நான் சொல்லவில்லை, அன்பினாலேயே சொல்லலாம். ஆயினும் நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொன்னால், கேட்கிறவன் அதை நம்பி வலைப் பணத்தை எடுத்தால், அது பொய்ச்சாட்சியே. நல்ல செய்தியில் சொன்ன பொய்யும் பொய்யே.

அர்ச். தோமாஸ் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கை ஆராய்ந்திருக்கிறார். பஞ்சம் பட்ட ஊருக்கு ஒரு வியாபாரி கோதுமை கொண்டுவருகிறான். தனக்குப் பின்னால் வேறு பல வியாபாரிகளும் கோதுமையோடு வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதைச் சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டியது கடமையா? வருங்காலக் காரியம் நிச்சயமற்றது, அவன் நடப்பு விலைக்கே விற்கிறான். ஆகவே சொல்லாமலிருப்பது நீதிக்கு விரோதமல்ல, சொன்னால் அதிகப் புண்ணியம் என்று தீர்ப்பளிக்கிறார். சரக்கில் மறைவான குற்றம் இருந்து, வாங்குகிறவனுக்குக் கேடு வருமானால் மாத்திரம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார். இந்தத் தீர்ப்பு வியாபாரிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது பாருங்கள். ஆனாலும் அந்த வியாபாரி அந்நியன். ஊராரும் அவனை வியாபாரி என்று அறிந்தே எச்சரிக்கையாய்ப் பேரம் பேசுகிறார்கள். மச்சான் மச்சானோடு அப்படி எச்சரிக்கையாய் இருப்பதில்லை. பெண் கொடுத்து எடுத்த வீட்டில், சோற்றுக்கு உட்கார்ந்தபடி சொல்லும் வார்த்தையைச் சந்தை வார்த்தையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே வியாபாரிக்கு விட்ட இடத்தை நான் சொந்தக்காரனுக்கு விடமாட்டேன். தனக்குத் தெரிந்த நல்லதைச் சொல்லுகிறவன், தெரிந்த கெட்டதையும், தனக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்ணில் பொன்னே இல்லாமல் பொன் இருப்பதாக உலகத்தையே நம்பவைத்த கதையும் உண்டு. போர்னியோத் தீவில் புசாங் என்னும் இடத்தில் உலகிலேயே பெரிய பொன் பாளத்தைக் கண்டதாக பிரி-எக்ஸ் என்னும் கனடா தேசத்துச் சிறு கம்பெனி அறிவித்தது. அதன் மதிப்பு 600 கோடி கனடா டாலருக்கு மேல் ஏறிற்று. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி முதற்கொண்டு அதில் போடப்பட்டது. 1997-ஆம் ஆண்டு மே மாதம் தனி நிபுணர்கள் சோதித்து, மாதிரிக் கற்களில் வெளியிலிருந்து பொன் தூவப்பட்டிருந்தது என்று கண்டார்கள். தூவினவன் திருடன், அதில் சந்தேகமில்லை. அக்கதையில் என்னை வருத்துவது அவனல்ல. ஒரு பொய்யும் அறியாமல், அண்ணனிடமும் தங்கையிடமும் அயலானிடமும் உத்தரவாதம் சொல்லி வாங்க வைத்த நேர்மையான மனிதர்களையே நினைக்கிறேன். அவர்கள் தங்கள் பணத்தை மாத்திரம் இழக்கவில்லை. தங்கள் வார்த்தையையும் இழந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீட்டமாட்டேன். இந்த நல்ல செய்திகளில் ஒருபோதும் வராத ஒரு கூட்டம் உண்டு. அது சுரங்கத்தின் பக்கத்தில் குடியிருக்கிறவர்களும், உள்ளே இறங்குகிறவர்களும். கோலாரில் இறங்கினவர்களில் மிகப் பலர் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன ஏழைத் தமிழர். பாறை வெடித்து மாண்டவர்களும், கல்தூசியை உண்டு நுரையீரல் கெட்டவர்களும் அவர்களே; லண்டன் பங்குதாரன் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நமக்கு அந்தப் பக்கத்து நியாயம் தெரியும். தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909-இல் மணவாளக்குறிச்சிக் கரையைத் தேடி வந்த நாள் முதல், நம் மணலுக்கு வெளியூரில் விலையுண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024-இல் நம் மாவட்டத்துக் கடற்கரை எழுந்து நின்று வேண்டாம் என்றது. அப்படிச் சொன்ன நாம், வேறொரு ஊரில் தோண்டும் கம்பெனியில் பங்கு வாங்கும்போது, அவ்வூரார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தையாவது விசாரித்தோமா? வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. விசாரித்தோமா என்று மாத்திரம் கேட்கிறேன்.

இதையெல்லாம் கேட்டிருந்த நம் ஊர்க்காரர் இலேசில் விடுகிறவரல்லர். வேதாகமத்தையே எடுத்தார். “நிலத்துக்குள்ள புதையலைக் கண்டவன், இருக்கிறதை எல்லாம் வித்து அந்த நிலத்தை வாங்கினான்னு சேசுநாதரே சொல்லியிருக்காரே, சாமி?”

நல்ல கேள்வி. மத்தேயு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரம். ஆண்டவர் அங்கே மோட்ச இராச்சியத்தைப் பற்றிப் பேசுகிறார், பங்குச் சந்தையைப் பற்றியல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் உவமையின் உடலையே பார்ப்போம் என்றேன். அந்த மனிதன் முதலில் புதையலைத் தன் கண்ணால் கண்டான்; பிறகுதான் விற்றான். இருக்கும் என்று சொல்லக் கேட்டு விற்கவில்லை. இரண்டாவது, தனக்குள்ளதை விற்றான். அயலான் வலையை விற்கச் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல நினைத்தேன், அவரே முந்திக்கொண்டார். “அவன் யாரிடமும் சொல்லாம மறைச்சு வச்சான், இல்லையா சாமி?” என்று சொல்லிச் சிரித்தார்.

யோபு ஆகமம் 28-ஆம் அதிகாரத்தையும் அன்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். மனிதர் இருளுக்குள் இறங்கி, கயிற்றில் தொங்கி, மலையை அடியோடு புரட்டிப் பொன்னை எடுக்கிறார்கள். ஞானம் அகப்படும் இடம் மாத்திரம் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அது சொல்லுகிறது. எங்கே தோண்டினால் எது கிடைக்கும் என்பதை அவ்வளவு நுணுக்கமாய் அறிந்த ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்னே அதை எழுதியிருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

அன்று மாலையே அவர் மச்சான் வீட்டுக்குப் போனாராம். டன்னுக்கு எத்தனை கிராம் என்பது தனக்குத் தெரியாது என்றும், சொன்ன தேதி இருமுறை தவறியது என்றும், நீ வாங்கினால் என் பங்கு விலை ஏறும் என்றும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். மச்சான் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றாராம். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலை வந்துவிட்டது, சென்ற வியாழக்கிழமை அதை மந்திரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பங்குகளில் பாதியை விற்று நகையில் பாதியை மீட்டிருக்கிறார். மீதிப் பங்கு அவரிடமே இருக்கிறது. சுரங்கத்திலிருந்து ஏதேனும் செய்தி உண்டா என்று நான் கேட்கவில்லை. கோயில் ஓட்டைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.